லினக்ஸ் கணினிகளுக்குள் கோப்புறை பகிர்வது: முதலில் யுஐடி, பிறகு என்.எஃப்.எஸ்.

கேள்வி சுருக்கமாக இதுதான். டெபியன் போட்ட பழைய டெஸ்க்டாப் ஒன்று நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. அதோடு ஒரு உபுண்டு டெஸ்க்டாப், ஒரு ஃபெடோரா லேப்டாப். மூன்றும் ஒரே ரவுட்டரில். டெபியனில் உள்ள ஒரு கோப்புறையை மற்ற இரண்டிலும் திறந்து வேலை செய்ய வேண்டும். சாம்பா போட்டுப் பார்த்தாயிற்று. கோப்புகள் தெரிகின்றன, ஆனால் யார் எழுதியதும் ஒரே ஆள் பெயரில் காட்டுகிறது, சிஎச்மாட் கொடுத்து அனுமதியை மாற்றினால் நிற்பதில்லை. வேறு நல்ல வழி உண்டா?

உண்டு. கேபிளில் இருக்கும் டெஸ்க்டாப்புக்கு என்.எஃப்.எஸ். (யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகள் நெட்வொர்க்கில் கோப்புறை பகிரும் முறை), வெளியே எடுத்துப்போகும் லேப்டாப்புக்கு எஸ்எஸ்எச்எஃப்எஸ் (எஸ்எஸ்எச் இணைப்பு வழியாகக் கோப்புறையைத் திறப்பது). விண்டோஸ் கணினியோ டிவியோ போனோ இந்தக் கூட்டத்தில் சேர்ந்தால் மட்டும் சாம்பா. சாம்பாவில் நீங்கள் பார்த்தது பழுதல்ல. அது விண்டோஸின் பகிர்வு முறையைப் பேசுவதற்காக எழுதப்பட்டது. யூனிக்ஸ் உரிமையாளர், குழு, பெர்மிஷன் எல்லாம் அந்த முறைக்கு வெளியே இருப்பவை. லினக்ஸிலிருந்து சாம்பா பகிர்வை மவுண்ட் செய்தால் (ஒரு கோப்புறையாக இணைத்தால்), மவுண்ட் செய்யும்போது கொடுத்த யுஐடி-யே (பயனர் எண்) எல்லாக் கோப்புக்கும் உரிமையாளராகக் காட்டப்படும். என்.எஃப்.எஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் 1984-இல் யூனிக்ஸுக்காகவே பிறந்தது. உரிமையாளர், குழு, குறியிணைப்பு, இயக்கும் அனுமதி எல்லாம் உள்ளது உள்ளபடி வந்து சேரும்.

அதனாலேயே ஒரு சிக்கலும் கூட வரும். லினக்ஸ்-லினக்ஸ் பகிர்வில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை நெட்வொர்க் தொல்லைகள் அல்ல, 'யார் இந்த ஆள்' என்ற தொல்லைகள். வழிகாட்டிகள் பலவும் இதைக் கடைசிப் பத்தியில் தள்ளிவிடுகின்றன. இங்கே அதிலிருந்தே தொடங்குகிறேன். கட்டளைகளை வாசிக்கும் ஒலியிலேயே தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகள். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் சொல்கிறேன்.

யுஐடி

கோப்பின் உரிமையாளர் 'மணி' என்று வட்டில் எழுதப்படுவதில்லை. 1001 என்ற எண்தான் எழுதப்படுகிறது. அந்த எண்ணுக்கு என்ன பெயர் என்பதை ஒவ்வொரு கணினியும் தன்னுடைய /எட்ஸி/பாஸ்வேர்டு கோப்பைப் பார்த்துச் சொல்கிறது (கோப்பின் உண்மைப் பெயரில் 'ஓ', 'ஆர்' இரண்டும் இருக்காது). டெபியன், உபுண்டு, ஃபெடோரா மூன்றிலும் முதல் பயனருக்கு 1000, அடுத்தவருக்கு 1001. டெபியனில் முதலில் கயலையும் பிறகு மணியையும் சேர்த்திருக்கிறீர்கள், உபுண்டுவில் முதலில் மணியைச் சேர்த்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உபுண்டுவில் மணி எழுதும் கோப்பு டெபியனில் கயலுடையதாகிவிடும். கயல் பூட்டி வைத்த கோப்பை உபுண்டுவில் உட்கார்ந்திருக்கும் மணி தாராளமாகத் திறப்பார். சாதாரண அமைப்பில் என்.எஃப்.எஸ். கடவுச்சொல் எதுவும் கேட்பதில்லை. 'நான் 1000' என்று கிளையன்ட் (இணையும் கணினி) சொன்னால் சர்வர் (பகிரும் கணினி, இங்கே டெபியன்) அப்படியே நம்பும்.

ஆகவே முதல் வேலை, எல்லாக் கணினியிலும் ஒவ்வொருவராக

ஐடி மணி
ஐடி கயல்

என்று தட்டி எண்களை ஒரு தாளில் எழுதிக்கொள்வது. ஒத்துப்போகாவிட்டால் சர்வரில் உள்ள எண்ணையே வைத்துக்கொண்டு கிளையன்ட்டில் மாற்றுங்கள். மாற்றப்படும் ஆள் அப்போது லாகின் ஆகியிருக்கக் கூடாது. வேறொரு நிர்வாகக் கணக்கில் நுழைந்து செய்ய வேண்டும். இரண்டு பேரின் எண்கள் இடம் மாறிக் கிடந்தால் நேரடியாக மாற்ற முடியாது, 'அந்த எண் ஏற்கெனவே இருக்கிறது' என்று மறுத்துவிடும். நடுவில் ஒரு தற்காலிக எண் வேண்டும்:

சுடோ யூசர்மாட் -யு 1999 மணி
சுடோ யூசர்மாட் -யு 1000 கயல்
சுடோ யூசர்மாட் -யு 1001 மணி

யூசர்மாட் அந்த ஆளின் ஹோம் கோப்புறைக்குள் இருக்கும் கோப்புகளின் உரிமையாளரைத் தானே மாற்றிவிடும். ஹோமுக்கு வெளியே, இரண்டாவது வட்டிலோ /ஆப்ட் கீழோ இருப்பவை பழைய எண்ணிலேயே நிற்கும். அவற்றைச் சவ்ன் கொண்டு நீங்களே மாற்ற வேண்டும். ஒவ்வொருவரின் சொந்தக் குழு எண்ணும் மாறிக் கிடக்கும், அதற்கு குரூப்மாட் -ஜி. இங்கே ஹோமுக்குள் இருப்பதும்கூட எல்லாம் தானாக மாறாது, குழுவை மட்டும் கையால் சரிபார்த்துவிடுங்கள்.

அடுத்து பொதுக் குழு. எல்லாக் கணினியிலும் ஒரே எண்ணில்:

சுடோ குரூப்ஆட் -ஜி 3000 ஷேர்
சுடோ யூசர்மாட் -ஏஜி ஷேர் மணி
சுடோ யூசர்மாட் -ஏஜி ஷேர் கயல்

இரண்டாம் கட்டளையிலும் மூன்றாவதிலும் 'ஜி' பெரிய எழுத்து, 'ஏ' சிறிய எழுத்து. அந்த 'ஏ'-வை விட்டுவிட்டால் அவர் மற்ற எல்லாக் குழுக்களிலிருந்தும் வெளியேற்றப்படுவார், சுடோ குழு உட்பட. மறுமுறை லாகின் ஆன பிறகு சுடோ வேலை செய்யவில்லை என்று புலம்பும் பலருக்குக் காரணம் இந்த ஓரெழுத்துதான். புதிய குழு செல்லுபடியாக லாக்அவுட் செய்து மீண்டும் நுழைய வேண்டும்.

டெபியன், உபுண்டு சர்வர்களில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அவற்றின் /எட்ஸி/என்எஃப்எஸ்.கான்ஃப் கோப்பில் மவுண்ட்டி பகுதியில் 'மேனேஜ்-ஜிட்ஸ்=ஒய்' என்று முன்கூட்டியே போட்டிருக்கும். அதன் பொருள், கிளையன்ட் அனுப்பும் குழுப் பட்டியலை சர்வர் பார்க்காது. அந்த யுஐடி எந்தெந்தக் குழுவில் இருக்கிறது என்று தன்னிடமே தேடிக்கொள்ளும். ஆக, மணி உபுண்டுவில் ஷேர் குழுவில் இருந்தால் போதாது, டெபியனிலும் மணி என்ற கணக்கு அதே எண்ணில் இருந்து, அங்கேயும் ஷேர் குழுவில் சேர்ந்திருக்க வேண்டும். இது தெரியாமல் கிளையன்ட்டிலேயே மணிக்கணக்கில் தேடுவார்கள். சேர்த்த பிறகும் சர்வர் பழைய பட்டியலைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். 'சுடோ எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -எஃப்' கொடுத்தால் அது காலியாகும். இப்படி ஒரு ஏற்பாடு ஏன் என்றால், வழக்கமான முறையில் ஒரு கோரிக்கையோடு 16 குழுக்களைத்தான் அனுப்ப முடியும். அதற்கு மேல் குழுக்களில் இருக்கும் ஆளுக்கு மீதி தெரியாமலே போய்விடும்.

இவ்வளவு நுணுக்கம் வேண்டாம், வீட்டில் யார் எழுதினால் என்ன என்றால் சுருக்கு வழி உண்டு: வருபவர் எல்லாரையும் ஒரே ஆளாகக் கருதச் சொல்லி சர்வரில் 'ஆல்_ஸ்குவாஷ்,அனான்யுஐடி=1000,அனான்ஜிஐடி=3000' என்று போட்டுவிடலாம். பாட்டு, படம், புகைப்படக் கோப்புறைக்கு இது போதும். ஆனால் பேக்கப்புக்கு ஒத்துவராது. நகலெடுக்கும் கட்டளையான ஆர்சிங்க் -ஏ உரிமையாளரை மாற்ற முயன்று கோப்புக்குக் கோப்பு 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' என்று கொட்டும்.

சர்வரில்

முதலில் ரவுட்டரில் டெபியன் பெட்டிக்கு நிலையான ஐபி முகவரி ஒதுக்குங்கள். டிஎச்சிபி ரிசர்வேஷன் என்று இருக்கும். இங்கே 192.168.1.10 என்று வைத்துக்கொள்கிறேன். பிறகு:

சுடோ ஆப்ட் இன்ஸ்டால் என்எஃப்எஸ்-கெர்னல்-சர்வர்
சுடோ எம்கேடிர் -பி /எஸ்ஆர்வி/ஷேர்
சுடோ சிஎச்ஜிஆர்பி ஷேர் /எஸ்ஆர்வி/ஷேர்
சுடோ சிஎச்மாட் 2775 /எஸ்ஆர்வி/ஷேர்

பகிரும் இடத்தை /எஸ்ஆர்வி கீழ் வைக்கச் சொல்வது வழக்கத்துக்காக மட்டுமல்ல. உபுண்டு 21.04 முதல் ஹோம் கோப்புறைகள் 750 பெர்மிஷனோடுதான் உருவாகின்றன. ஹோமுக்குள் ஒரு கோப்புறையைப் பகிர்ந்தால், அந்தக் கோப்புறைக்கு 777 கொடுத்தாலும் அடுத்தவரால் வழியிலுள்ள ஹோமைத் தாண்டி உள்ளே வர முடியாது.

2775-இல் முன்னால் நிற்கும் 2, உள்ளே உருவாகும் எல்லாவற்றையும் ஷேர் குழுவிலேயே சேர்க்கும். அது மட்டும் போதாது. எழுதுபவரின் உமாஸ்க் (புதுக் கோப்பில் எந்த அனுமதிகளை வெட்டுவது என்ற அமைப்பு) 022 என்றால் குழுவுக்கு எழுதும் அனுமதி வெட்டப்பட்டுவிடும். மணி உருவாக்கியதைக் கயல் படிக்கலாம், திருத்த முடியாது. 'உமாஸ்க்' என்று தட்டிப் பாருங்கள், 0002 என்றால் கவலையில்லை. 0022 என்றால் ஆளாளுக்கு மாற்றிக்கொண்டிருப்பதை விட, சர்வரிலேயே ஒரு டீஃபால்ட் ஏசிஎல் (புதுக் கோப்புகளுக்கான அனுமதிப் பட்டியல்) போட்டுவிடுவது மேல்:

சுடோ செட்எஃப்ஏசிஎல் -டி -எம் ஜி:ஷேர்:ஆர்டபிள்யூஎக்ஸ் /எஸ்ஆர்வி/ஷேர்

இங்கே '-டி' டீஃபால்ட்டின் முதலெழுத்து. டீஃபால்ட் ஏசிஎல் இருக்கும் கோப்புறையில் உமாஸ்க் கணக்கில் வராது. ஒருவர் கோப்பை இன்னொருவர் அழிக்கக் கூடாது என்றால் 2775-க்குப் பதில் 3775.

இனி /எட்ஸி/எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் ஒரே ஒரு வரி:

/எஸ்ஆர்வி/ஷேர் 192.168.1.0/24(ஆர்டபிள்யூ,சிங்க்,நோ_சப்ட்ரீ_செக்)

இந்த வரியில் முகவரிக்கும் அடைப்புக்குறிக்கும் இடையே இடைவெளி விடவே கூடாது. விட்டால் பிழை என்று வராது, பொருள் மாறிவிடும். உங்கள் நெட்வொர்க்குக்குப் படிக்க மட்டும் அனுமதி என்றும், உலகத்தில் உள்ள மற்ற எல்லாருக்கும் எழுத அனுமதி என்றும் சர்வர் புரிந்துகொள்ளும். 'ஆர்டபிள்யூ போட்டிருக்கிறேன், ஆனால் ரீட்-ஒன்லி என்கிறது' என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். கோப்புறைப் பெயரிலேயே இடைவெளி இருந்தால் அந்த இடத்தில் \040 என்று எழுத வேண்டும்.

ரூட் (முழு அதிகாரமுள்ள நிர்வாகக் கணக்கு) விஷயம். எதுவும் சொல்லாவிட்டால் ரூட்_ஸ்குவாஷ் அமலில் இருக்கும். கிளையன்ட்டின் ரூட் இங்கே 65534 எண்ணுள்ள 'நோபடி' ஆகிவிடுவார். அதனால்தான் 'சுடோ சிபி' கொடுத்துப் பகிர்வுக்குள் எழுதப் போனால் பெர்மிஷன் மறுக்கப்படுகிறது. சுடோ இல்லாமல் எழுதினால் போகும். இதற்குத் தீர்வென்று இணையத்தில் நோ_ரூட்_ஸ்குவாஷ் போடச் சொல்வார்கள். வேண்டாம். கிளையன்ட்டில் ரூட் ஆக இருக்கும் எவரும் ரூட் உரிமையில் ஓடும் ஒரு நிரலைப் பகிர்வுக்குள் வைத்துவிட்டு, இன்னொரு கணினியில் சாதாரணக் கணக்கில் அதை இயக்கி அங்கேயும் ரூட் ஆகிவிடலாம்.

பகிர்வது யுஎஸ்பி வட்டில் இருந்தால் 'மவுண்ட்பாயின்ட்' என்ற விருப்பத்தையும் அடைப்புக்குள் சேருங்கள். வட்டு ஏறாமல் சர்வர் தொடங்கிவிட்டால் மவுண்ட் ஆகவேண்டிய காலிக் கோப்புறை பகிரப்படும், எல்லாரும் அதில் எழுதுவார்கள், சர்வரின் ரூட் பகுதி நிரம்பும். வட்டு வந்ததும் எழுதியதெல்லாம் அதன் அடியில் மறைந்துபோகும். இந்த விருப்பம் இருந்தால் வட்டு உண்மையில் ஏறியிருந்தால்தான் பகிர்வே நடக்கும். அந்த வட்டு இஎக்ஸ்டி4 ஆக இருப்பது நல்லது. என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் வட்டுகளில் உரிமையாளர் என்ற தகவலே சரியாக நிற்காது, என்.எஃப்.எஸ்.-இன் பயன் பாதி போய்விடும்.

கோப்பைச் சேமித்துவிட்டு:

சுடோ எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ
சுடோ எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -வி

இரண்டாவது, இப்போது எது யாருக்கு எந்த விருப்பங்களோடு பகிரப்படுகிறது என்று காட்டும். நீங்கள் என்ன எழுதினீர்கள் என்பதை விட சர்வர் என்ன புரிந்துகொண்டது என்பதே முக்கியம். '<வேர்ல்டு>' என்று ஏதாவது தெரிந்தால் மேலே சொன்ன இடைவெளிதான்.

ஃபயர்வால் போட்டிருந்தால் பதிப்பு 4-க்கு டிசிபி 2049 ஒன்று திறந்தால் போதும்:

சுடோ யுஎஃப்டபிள்யூ அலவ் ஃப்ரம் 192.168.1.0/24 டு எனி போர்ட் 2049

பழைய வழிகாட்டிகள் 111 உட்படப் பல போர்ட்டுகளைத் திறக்கச் சொல்வது பதிப்பு 3-க்காக. ஆனால் 'ஷோமவுண்ட் -ஈ' கட்டளை அந்தப் பழைய வழியில்தான் கேட்கும். 2049 மட்டும் திறந்திருந்தால் ஷோமவுண்ட் தோற்கும், மவுண்ட் நன்றாகவே நடக்கும். அதை வைத்துச் சர்வர் கெட்டுவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள்.

கிளையன்ட்டில்

உபுண்டுவில் 'என்எஃப்எஸ்-காமன்', ஃபெடோராவில் 'என்எஃப்எஸ்-யுடில்ஸ்' தொகுப்பு வேண்டும். இது இல்லாவிட்டால் மவுண்ட் கட்டளை 'பேட் ஆப்ஷன்' என்று குறை சொல்லும். விருப்பங்களில் தப்பே இருக்காது. முதலில் கையால் செய்து பாருங்கள்:

சுடோ எம்கேடிர் -பி /எம்என்டி/ஷேர்
சுடோ மவுண்ட் -டி என்எஃப்எஸ் 192.168.1.10:/எஸ்ஆர்வி/ஷேர் /எம்என்டி/ஷேர்
டச் /எம்என்டி/ஷேர்/சோதனை
எல்எஸ் -எல்என் /எம்என்டி/ஷேர்

மவுண்ட் கட்டளையின் '-டி' டைப் என்பதன் முதலெழுத்து. கடைசிக் கட்டளையில் உள்ள 'என்' பெயருக்குப் பதில் எண்ணைக் காட்டும். சோதனைக் கோப்பின் உரிமையாளராக உங்கள் யுஐடி-யும் குழுவாக 3000-உம் வந்தால் வேலை முடிந்தது. கோப்பின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், தடையில்லை. எந்தப் பதிப்பில் இணைந்திருக்கிறது என்று 'என்எஃப்எஸ்ஸ்டாட் -எம்' சொல்லும். புதிய டெபியன், உபுண்டுகளில் 4.2 என்று வரவேண்டும்.

இது சரியாக வந்த பிறகே /எட்ஸி/எஃப்ஸ்டாப்-இல் எழுதுங்கள்:

192.168.1.10:/எஸ்ஆர்வி/ஷேர் /எம்என்டி/ஷேர் என்எஃப்எஸ்4 ஆர்டபிள்யூ,நோஃபெயில்,நோஆட்டோ,எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்,எக்ஸ்-சிஸ்டம்டி.மவுண்ட்-டைம்அவுட்=10,எக்ஸ்-சிஸ்டம்டி.ஐடில்-டைம்அவுட்=300 0 0

வரி நீளம்தான், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு தலைவலியைத் தவிர்க்கிறது. வெறுமனே 'டீஃபால்ட்ஸ்' என்று போட்டால், சர்வர் அணைந்திருக்கும் நாளில் கிளையன்ட் பூட் ஆகும்போது 90 விநாடி வரை காத்திருக்கக்கூடும். ஆட்டோமவுண்ட் இருந்தால் பூட் சமயத்தில் எதையும் தொடாது. யாராவது அந்தக் கோப்புறைக்குள் நுழையும்போதுதான் இணைக்கும், 300 விநாடி யாரும் தொடாவிட்டால் தானே விலகிக்கொள்ளும். 10 விநாடிக்குள் சர்வர் பதில் சொல்லாவிட்டால் பிழை காட்டிவிட்டு விட்டுவிடும். எழுதிய பின், முன்பு கையால் செய்த மவுண்ட்டை 'சுடோ யுமவுண்ட் /எம்என்டி/ஷேர்' கொடுத்துக் கழற்றிவிட்டு:

சுடோ சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்
சுடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் எம்என்டி-ஷேர்.ஆட்டோமவுண்ட்

தொங்கும்போது

சர்வர் நடுவில் அணைந்தால், இணைந்திருக்கும் கிளையன்ட்டில் அந்தக் கோப்புறையைத் தொட்ட நிரல்கள் அப்படியே உறைந்து நிற்கும். கெர்னல் பதிவில் 'நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் டிரையிங்' என்று வரும். இது 'ஹார்ட்' என்ற இயல்பு நிலை. சர்வர் திரும்ப வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும், ஒரு பைட் கூடக் கெடாது. பொறுமையில்லாமல் 'சாஃப்ட்' போட்டால், நேரம் கடந்ததும் எழுதுவது பிழையோடு முடியும். அந்தப் பிழையைக் கவனிக்காத நிரல் பாதிக் கோப்பை விட்டுவிட்டு எல்லாம் நல்லபடி முடிந்ததாக நினைத்துக்கொள்ளும். எழுதும் பகிர்வுக்கு ஹார்ட்-ஐ மாற்றாதீர்கள்.

சர்வர் வரவே போவதில்லை என்றால் 'சுடோ யுமவுண்ட் -எஃப் /எம்என்டி/ஷேர்', அதுவும் நகராவிட்டால் '-எல்'. உறைந்த நிரலை 'கில் -9' கொல்லும். 'டிஎஃப்' கட்டளையும் தொங்கும், ஏனென்றால் அது எல்லா மவுண்ட்டையும் விசாரிக்கிறது; 'டிஎஃப் -எல்' உள்ளூர் வட்டுகளை மட்டும் காட்டும். சர்வர் மீண்டும் எழுந்த உடனேயும் ஒன்றரை நிமிடம் வரை சில கோப்புகள் திறக்காமல் தாமதிக்கும். பழைய கிளையன்ட்டுகள் தங்கள் பூட்டுகளைத் திரும்பப் பெற சர்வர் கொடுக்கும் 90 விநாடி அவகாசம் அது. அதற்குள் பதறி மறுபடி சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் அவகாசம் முதலிலிருந்து தொடங்கும்.

பிழைச் செய்தியைப் படிப்பது

'கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்' என்றால் கணினி கிடைக்கிறது, என்.எஃப்.எஸ். சேவை ஓடவில்லை. 'கனெக்ஷன் டைம்ட் அவுட்' என்றால் பெரும்பாலும் யுஎஃப்டபிள்யூ வாய்பேசாமல் தள்ளுகிறது. 'நோ ரூட் டு ஹோஸ்ட்' என்று வந்து, அதே முகவரிக்கு பிங் போகிறது என்றால் சர்வர் ஃபெடோரா வகையாக இருக்கும். அதன் ஃபயர்வால்டி இப்படித்தான் மறுக்கும். 'சுடோ ஃபயர்வால்-சிஎம்டி --பெர்மனென்ட் --ஆட்-சர்வீஸ்=என்எஃப்எஸ்' கொடுத்து '--ரீலோட்' செய்யுங்கள். பிங்கே போகவில்லை, இரண்டும் வைஃபையில் இருக்கின்றன என்றால் ரவுட்டரில் ஏபி ஐசொலேஷன் (வைஃபை கருவிகளை ஒன்றோடொன்று பேச விடாத அமைப்பு) அல்லது கெஸ்ட் நெட்வொர்க்கைப் பாருங்கள்.

'ஆக்சஸ் டினைட் பை சர்வர்' என்பது வேறு, மவுண்ட் ஆன பிறகு வரும் 'பெர்மிஷன் டினைட்' வேறு. முன்னது எக்ஸ்போர்ட்ஸ் கோப்பின் வேலை: பாதையில் எழுத்துப்பிழை, எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ கொடுக்க மறந்தது, அல்லது கிளையன்ட்டின் முகவரி நீங்கள் எழுதிய வரம்புக்குள் இல்லை (இரண்டாவது ரவுட்டர் 192.168.0-வில் முகவரி கொடுத்துக்கொண்டிருக்கும்). பின்னது யுஐடி, குழு, சிஎச்மாட் வேலை. இரண்டையும் குழப்பிக்கொண்டு எக்ஸ்போர்ட்ஸைத் திருத்திக்கொண்டே இருந்தால் விடியாது.

உரிமையாளர் எல்லாம் 'நோபடி' என்று தெரிந்தால் இரு பக்கமும் /எட்ஸி/ஐடிமேப்டி.கான்ஃப் கோப்பில் 'டொமைன்' வரி ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். மாற்றிய பின் கிளையன்ட்டில் 'சுடோ என்எஃப்எஸ்ஐடிமேப் -சி' கொடுத்து மறுபடி மவுண்ட் செய்யுங்கள். 'ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்' வந்தால் சர்வரில் அந்தக் கோப்புறை அழிக்கப்பட்டு மீண்டும் உருவாகியிருக்கும், அல்லது அடியில் வட்டு மாறியிருக்கும். யுமவுண்ட் செய்து மவுண்ட் செய்தால் போதும். பகிர்வுக்குள் ஒரு கோப்புறை மட்டும் காலியாகத் தெரிந்தால் சர்வரில் அது தனி வட்டு; எக்ஸ்போர்ட்ஸில் 'கிராஸ்எம்என்டி' சேருங்கள். '.என்எஃப்எஸ்' என்று தொடங்கும் நீளமான பெயருள்ள கோப்புகள் முளைத்து, கோப்புறையை அழிக்க விடாமல் அடம்பிடித்தால், ஏதோ ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை அதே கணினியில் யாரோ அழித்திருக்கிறார். நிரலை மூடினால் அவை தானே மறையும்.

வேகம், தாமதம்

100 மெகாபிட் இணைப்பில் விநாடிக்கு 11 மெகாபைட் சுமார், கிகாபிட்டில் 110 சுமார். ஒரு பெரிய கோப்பை நகலெடுக்கும்போது 11-லேயே நிற்கிறது என்றால் என்.எஃப்.எஸ்.-ஐக் குடையாதீர்கள். பழைய சுவிட்ச், அல்லது எட்டுக் கம்பிகளில் நான்கு மட்டும் சரியாக இருக்கும் கேபிள். 'எத்டூல்' கட்டளை இணைப்பின் வேகத்தைக் காட்டும்.

பெரிய கோப்பு பறக்கிறது, ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் ஊர்கின்றன என்றால் அது 'சிங்க்' விருப்பத்தின் விலை; வட்டில் எழுதி முடித்த பிறகே சர்வர் 'ஆயிற்று' என்று பதில் சொல்கிறது. 'அசிங்க்' போட்டால் வேகம் கூடும், ஆனால் கரண்ட் போனால் எழுதியதாகச் சொன்னது இல்லாமல் போகும். யுபிஎஸ் இல்லாத இடத்தில் அதைத் தொட வேண்டாம். டார் கோப்பைப் பகிர்வின் வழியாக விரிப்பதற்குப் பதில் எஸ்எஸ்எச் வழியாகச் சர்வருக்குள் போய் அங்கேயே விரியுங்கள்.

ஒரு கணினியில் போட்ட கோப்பு மற்றதில் உடனே தெரியவில்லை என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. கோப்புறைப் பட்டியலைக் கிளையன்ட் 30 முதல் 60 விநாடி வரை நினைவில் வைத்துக்கொள்ளும். மேலும், அடுத்த கணினியில் நடக்கும் மாற்றத்தைக் கெர்னல் இங்கே அறிவிப்பதில்லை, அதனால் ஃபைல் மேனேஜர் சன்னல் தானாகப் புதுப்பிக்காது. எஃப்5 அழுத்த வேண்டியதுதான். கோப்பு மாறியதும் தானே இயங்கும்படி அமைத்த நிரல்களும் இதே காரணத்தால் என்.எஃப்.எஸ்.-இல் சும்மா கிடக்கும்.

எஸ்க்யூலைட் தரவுத்தளங்களையும் ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்டு புரொஃபைல்களையும் பகிர்வில் வைத்து இரண்டு கணினியில் ஒரே நேரத்தில் திறக்காதீர்கள். பூட்டுகள் எதிர்பார்த்தபடி நடக்காவிட்டால் தரவுத்தளம் கெட்டுப்போகும்.

லேப்டாப்பும் விண்டோஸும்

லேப்டாப் மூடித் திறக்கும், நெட்வொர்க் மாறும். ஹார்ட் மவுண்ட்டோடு அது ஒத்துப்போகாது. சர்வரில் எஸ்எஸ்எச் சேவை இருந்தால் போதும், வேறெதுவும் நிறுவ வேண்டாம். லேப்டாப்பில் எஸ்எஸ்எச்எஃப்எஸ் தொகுப்பைப் போட்டு:

எஸ்எஸ்எச்எஃப்எஸ் மணி@192.168.1.10:/எஸ்ஆர்வி/ஷேர் ~/ஷேர் -ஓ ரீகனெக்ட்,சர்வர்அலைவ்இன்டர்வல்=15,சர்வர்அலைவ்கவுண்ட்மேக்ஸ்=3

இதில் சர்வர், அலைவ், இன்டர்வல், கவுண்ட், மேக்ஸ் ஒவ்வொன்றின் முதலெழுத்தும் பெரிய எழுத்து. சுடோ தேவையில்லை. எழுதுவதெல்லாம் சர்வரில் மணியின் பெயரில் நடப்பதால் எண்களை ஒத்துப்பார்க்கும் வேலையும் இல்லை. கழற்ற 'ஃபியூசர்மவுண்ட்3 -யு ~/ஷேர்', பழைய வெளியீடுகளில் 3 இல்லாமல். 'டிரான்ஸ்போர்ட் எண்ட்பாயின்ட் இஸ் நாட் கனெக்டட்' என்று வந்தாலும் இதே கட்டளைதான், பிறகு மீண்டும் இணைக்கலாம். குறியாக்கம் நடப்பதால் வேகம் கொஞ்சம் குறையும். எப்போதாவது ஒரு கோப்பை எடுக்க மட்டும் என்றால் இதுவும் வேண்டாம். ஃபைல் மேனேஜரின் முகவரிப் பட்டையில் 'எஸ்எஃப்டிபி://' போட்டு முகவரி கொடுத்தாலே திறக்கும்.

வெளியூரிலிருந்து அணுக வேண்டுமானால் எஸ்எஸ்எச்எஃப்எஸ், அல்லது வயர்கார்டு விபிஎன் வழியாக என்.எஃப்.எஸ். ரவுட்டரில் 2049-ஐ இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். சாதாரண அமைப்பில் குறியாக்கமும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை.

விண்டோஸ் வந்து சேர்ந்தால் அதே /எஸ்ஆர்வி/ஷேர் கோப்புறையைச் சாம்பா வழியாகவும் கொடுக்கலாம். பகிர்வுப் பகுதியில் 'ஃபோர்ஸ் குரூப் = ஷேர்', 'கிரியேட் மாஸ்க் = 0664', 'டைரக்டரி மாஸ்க் = 2775' மூன்றும் இருந்தால் அங்கிருந்து எழுதுவதும் குழு ஒழுங்குக்குள் வரும். சாம்பாவின் கடவுச்சொல் தனி, 'சுடோ எஸ்எம்பிபாஸ்வேர்டு -ஏ மணி' என்று சேர்க்க வேண்டும் (இங்கேயும் அந்த 'ஓ', 'ஆர்' கிடையாது). சாம்பா 4.11 முதல் பழைய எஸ்எம்பி1 முறை அணைத்து வைக்கப்பட்டிருப்பதால் பழைய டிவிகளும் மீடியா பெட்டிகளும் இணைய மறுக்கலாம். ஒரே கோப்பை ஒருவர் சாம்பாவிலும் மற்றவர் என்.எஃப்.எஸ்.-இலும் ஒரே நேரத்தில் திருத்துவதை மட்டும் தவிருங்கள்.

அப்படி விண்டோஸிலிருந்து தமிழ்ப் பெயருள்ள கோப்புகளைக் கொண்டுவரும்போது 'ஃபைல் நேம் டூ லாங்' என்று சில மட்டும் நின்றுவிடும். விண்டோஸ் 255 குறிகளை எண்ணுகிறது, இஎக்ஸ்டி4 255 பைட்டுகளை எண்ணுகிறது. யுடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். புள்ளியும் உயிர்மெய்க் கொம்பும் தனித்தனிக் குறிகள் என்பதால் 'க்' 6 பைட், 'கோ' 6 பைட். மொத்தம் 85 குறிதான் கொள்ளும், '.பிடிஎஃப்' போன்ற பின்னொட்டு அதில் நான்கு பைட்டை எடுத்துக்கொள்ளும். பிரபந்தம் போலத் தலைப்பு வைத்த கோப்புகளை அங்கேயே சுருக்கிவிட்டுக் கொண்டுவாருங்கள்.